காண்பவன் குற்றமற்றவனா?

ஐம்பொறிகளுள் கண்ணே குற்றம் குறைந்தது என்னும் எண்ணம் மிகப் பழையது. நாவுக்கு உணவாகும் பொருள் அழிகின்றது. கைபட்ட பொருள் உருமாறுகின்றது. மணத்துக்காகக் கொய்யப்பட்ட மலர் மாலைக்குள் வாடுகின்றது. கண்ணோ தான் கண்டதை இருந்தபடியே விட்டு மீள்கின்றது. ஒருவர் நோக்கியதனால் நிலவு தேய்வதில்லை. ஆயிரம் பேர் நோக்கியதனால் மலையின் உயரம் குறைவதில்லை. ஜேர்மானிய மெய்யியலாளரான இமானுவேல் கான்ற், 1790 ஆம் ஆண்டில் வெளிவந்த தமது நூலில், அழகைக் கண்டு எய்தும் மகிழ்ச்சியை ஏனைய மகிழ்ச்சிகளினின்றும் பிரித்துக் காட்டினார். உடைமையாக்க வேண்டும், பயன்கொள்ள வேண்டும் என்னும் விருப்பம் கலவாததே அம்மகிழ்ச்சி என்பது அவர் கருத்து. இதனை ஏற்போர் இதிலிருந்து இன்னொரு முடிவுக்கும் எளிதில் வந்துவிடுகின்றனர். எதனையும் வேண்டாது காண்பவன் எவருக்கும் தீங்கு செய்யாதவன் என்பதே அம்முடிவு. அது எத்துணைப் பொருந்தும்?

தொலைவில் நின்று காணப்படும் நிலவும் மலையும் இவ்வினாவுக்கு விடைதர மாட்டா. காணப்படும் பொருளின் வாழிடத்தினுள்ளேயே சென்றாலன்றிக் காணமுடியாத ஒன்றையே எடுத்து ஆராய்தல் வேண்டும். கரிபியன் கடலின் ஆழங்குறைந்த முருகைக்கற்பாறைகளை மூச்சுக் கருவி பூண்டு சென்று காணும் சுழியோடியின் செயல் அத்தகையதாகும்.

வெனிசுவேலாவின் கரைக்கு வடக்கே ஏறத்தாழ 80 கிலோமீற்றர் தொலைவில் உள்ள சிறு தீவு பொனயர். ஒல்லாந்தரின் குடியேற்றமாக இருந்த அது, 2010 ஆம் ஆண்டு முதல் நெதர்லாந்தின் சிறப்பு மாநகராட்சியாக ஆளப்பட்டு வருகின்றது. அதன் மேலைக் கரையோரமாக முருகைக்கற்பாறைகள் நிலத்தை ஒட்டியே அமைந்துள்ளன. படகின் துணையின்றிக் கரையிலிருந்து சிறிது தூரம் நீந்தினாலே பாறைச் சரிவின் விளிம்பினை அடைந்துவிடலாம். சாலையோரத்தில் மஞ்சள் வண்ணம் தீட்டிய கற்கள் இறங்குமிடங்களைக் காட்டி நிற்கின்றன.

அங்கு இறங்குபவனுக்கு உதவுங் கருவி 1943 ஆம் ஆண்டில் பிரான்சில் யாக் கூஸ்தோவும் எமில் கான்யனும் உருவாக்கிய கருவியின் வழிவந்தது. சூழ்ந்துள்ள நீரின் அமுக்கத்துக்கு இணையான அமுக்கத்தில், மூச்சை இழுக்கும்போது மட்டும் வளியை வழங்குவது அதன் இயல்பு. பத்து மீற்றர் ஆழத்தில் அமுக்கம் கரையில் உள்ளதன் இருமடங்காகின்றது. செந்நிறம் முதலில் மங்கி, நீலமும் பச்சையுமே எஞ்சுகின்றன. உடலின் பாரம் மறைந்துபோகின்றது. மூச்சை இழுத்தால் உடல் சற்று உயர்கின்றது. விட்டால் சற்றுத் தாழ்கின்றது. மூச்சே சுக்கானாகிவிட்ட அந்நிலையில், தனக்குப் பாரமே இல்லை என்று சுழியோடி எண்ணுவது இயல்பு. அவனது ஒழுக்கம் பற்றிய மயக்கமும் அவ்விடத்திலேயே தொடங்குகின்றது.

அவன் காண்பது கல்லன்று. முருகைக்கல் என்னும் பெயர் கல்லையே முன்னிறுத்துகின்றது. ஆயின் அது உயிர்களின் பேரூர். மென்மையான உடலையுடைய ஆயிரமாயிரம் சிற்றுயிர்கள் கல்சியம் காபனேற்றினாலான கூட்டைத் தமக்கடியிற் கட்டிக்கொண்டே வளர்கின்றன. அவற்றின் இழையங்களினுள் வாழும் நுண்ணிய அல்காக்கள் கதிரொளியைக் கொண்டு உணவாக்கி, அவ்வுணவின் பெரும்பகுதியைத் தமக்கு இடமளித்த உயிர்களுக்கே வழங்குகின்றன. ஒளி வேண்டியிருப்பதனாலேயே இவ்வூர்கள் ஆழங்குறைந்த நீரில் அமைந்தன. ஆழங்குறைந்த நீரில் அமைந்தமையாலேயே மனிதர் எளிதில் வந்தடையக் கூடியனவாகவும் ஆயின. மூளைபோன்ற மடிப்புகளையுடைய முருகை இனங்கள் ஆண்டொன்றுக்குச் சில மில்லிமீற்றர் அளவே வளர்வன. ஒருவர் கைகளால் அணைக்கக்கூடிய பருமன் கொண்ட முருகையொன்று, அவரது பாட்டன் பிறக்குமுன்னரே அங்கு வளரத் தொடங்கியிருத்தல் கூடும். அதன் உயிருள்ள பகுதியோ மேற்பரப்பைப் போர்த்திய மெல்லிய படலம் மட்டுமே.

தொடாமற் காண்பவன் குற்றமற்றவன் என்பது இவ்வினாவுக்குக் கூறப்படும் முதல் விடை. பொனயரின் சட்டங்களும் ஏறத்தாழ இவ்விடையின் வழியிலேயே வளர்ந்தன. 1971 இல் ஈட்டி கொண்டு மீன்பிடித்தல் தடைசெய்யப்பட்டது. 1975 இல் முருகைகளைப் பெயர்த்தெடுத்தல் தடைசெய்யப்பட்டது. 1979 இல் தீவைச் சுற்றி, உயர் நீர்மட்டத்திலிருந்து 60 மீற்றர் ஆழம் வரையுள்ள கடற்பரப்பு முழுவதும் காப்பிடமாக்கப்பட்டது. சுழியோடிகள் கையுறை அணிவதுகூட அங்கு ஏற்கப்படுவதில்லை. வெறுங்கை அஞ்சும், உறையிட்ட கை துணிந்து பற்றும் என்பதே அவ்விதியின் உட்பொருள்.

எனினும் தொடாதிருக்க விரும்புவது வேறு, தொடாதிருப்பது வேறு. கரிபியன் தீவான சென் லூசியாவில் சுழியோடிகளை நீருக்கடியிற் பின்தொடர்ந்து நோக்கி நடாத்தப்பட்ட ஆய்வொன்று 2004 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. நால்வரில் ஏறத்தாழ மூவர், ஒருமுறை இறங்கும்போது குறைந்தது ஒரு தடவையேனும் முருகைப் பாறையைத் தீண்டினர் என்பது அதிற் கண்ட உண்மை. அத்தீண்டல்களிற் பெரும்பாலானவை காலில் அணிந்த துடுப்புகளால் நேர்ந்தவை; வேண்டுமென்று செய்யப்பட்டவையல்ல. கமரா ஏந்திச் சென்றோர் ஏனையோரிலும் மிகுதியாகத் தீண்டினர். அழகைப் பதிவுசெய்ய விரும்பியவரே அழகுக்கு மிகுதியான ஊறு விளைத்தனர் என்பது சிந்தித்தற்குரியது.

இவ்விடத்தில் அறவியலின் பழைய சிக்கலொன்று எதிர்ப்படுகின்றது. நோக்கத்தில் இல்லாத தீங்குக்குச் செய்தவன் பொறுப்பாவானா? தமிழர் நன்கறிந்த மனுநீதிகண்ட சோழனின் கதை இச்சிக்கலையே மையமாகக் கொண்டது. எல்லாளன் மீது ஏற்றி மகாவம்சமும் இதனை ஒத்த கதையைக் கூறுகின்றது. தேரிற் சென்ற இளவரசன் கன்றைக் கொல்ல நினைத்தவனல்லன். அது சக்கரத்தினிடையே புகுந்ததை அறிந்தவனுமல்லன். கழுவாய் செய்தால் போதும் என அமைச்சர் கூறியதாகப் பெரியபுராணம் கூறும். அரசனோ தேரோட்டியவனின் நோக்கத்தை அளவுகோலாகக் கொள்ளவில்லை. கன்றை இழந்த பசுவின் துயரையே அளவுகோலாகக் கொண்டான். அவன் விதித்த தண்டனையை இக்காலத்தார் எவரும் ஏற்கார். ஆயினும் அவன் எடுத்த அளவுகோல் தள்ளற்பாலதன்று. துடுப்பு பட்டு மெல்லிய படலம் கிழிந்த முருகைக்கு, துடுப்பின் உரிமையாளன் நல்லவனா என்பது பொருட்டன்று. நோக்கமின்மை செய்தவனின் பழியைக் குறைக்கலாம். செய்யப்பட்டதன் இழப்பைக் குறைப்பதில்லை.

மேற்படி ஆய்விலே இன்னொரு முடிபும் உண்டு. இறங்குமுன் சுருக்கமாகக் கூறப்பட்ட அறிவுரையினால் தீண்டல்கள் குறையவில்லை. நீருக்கடியில் உடன்சென்ற வழிகாட்டி, தவறு நேர்ந்த அக்கணத்திலேயே குறுக்கிட்டுத் திருத்தியபோதே அவை குறைந்தன. அறத்தை ஓதுவதற்கும் அறத்தோடு உடன்செல்வதற்கும் உள்ள வேறுபாட்டினை இதனிலும் தெளிவாகக் காட்டும் சான்று அரிது. கரையில் நின்று கேட்ட சொல், பாரமற்ற உடலை அடையுமுன்னரே கரைந்துவிடுகின்றது. தோளில் மெல்லத் தொட்டுச் சைகை காட்டிய கையோ நிலைத்த பயனைத் தருகின்றது.

அவ்வாறாயின் எவரையும் இறங்கவிடாது கடலைப் பூட்டிவிடுதலே நேர்மையான வழி என ஒரு சாரார் வாதிடலாம். இவ்வாதம் கேட்பதற்குத் தூய்மையானது. ஆயின் நடைமுறை வரலாறு அதற்கு முழுவதும் துணைநிற்கவில்லை. பொனயரின் காப்பிடம் தொடங்கிய சில ஆண்டுகளிலேயே பணமின்றித் தளர்ந்தது. 1992 ஆம் ஆண்டில், இறங்கும் ஒவ்வொருவரும் ஆண்டுக்குப் பத்து டொலர் செலுத்த வேண்டும் என விதித்த பின்னரே அது தன் காலில் நிற்கலாயிற்று. காண வந்தோர் தந்த பணமே காணப்பட்டதைக் காத்தது. பணம் மட்டுமன்று, அக்கறையும் அவ்வாறே பிறந்தது. 1962 இல் அத்தீவுக்கு வந்து சுழியோடுந் தொழிலுக்கு வித்திட்ட டொன் ஸ்டூவர்ட் என்பாரே பின்னர் அப்பாறைகளைக் காக்கும் முயற்சியிலும் முன்னின்றார். ஒருபோதும் காணாத ஒன்றுக்காகப் போராடும் ஆற்றல் சிலருக்கே உண்டு. பெரும்பாலோர் கண்டதையே காக்க முன்வருவர்.

ஆயினும் கட்டணம் கழுவாயன்று என்பதை மறத்தலாகாது. கட்டணம் செலுத்தியதனால் உரிமை பெற்றுவிட்டதாக எண்ணுபவன், அமைச்சர் காட்டிய எளிய வழியிலேயே நின்றுவிடுகின்றான். பத்து டொலர் காவலனுக்குக் கூலியாகலாம். நூறாண்டு வளர்ந்த முருகைக்கு விலையாகாது.

இதுவரை கூறியது துடுப்பினால் நேரும் சிறு தீங்கு பற்றியது. கரிபியன் கடலில் நேர்ந்த பேரழிவுகளோ எவர் கையும் படாமலே நேர்ந்தவை. 1970 களின் பிற்பகுதி தொடங்கி வெண்பட்டை நோய் என்னும் பிணி, மான்கொம்பு போலக் கிளைத்து வளரும் முருகை இனங்களிற் பெரும்பகுதியை அழித்தது. 1983 இல் பனாமாவின் கரையில் தொடங்கிய இன்னொரு பிணி, நீண்ட கரிய முட்களையுடைய கடல் முள்ளெலிகளை ஓராண்டளவில் கரிபியன் கடல் முழுவதிலும் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேலாகக் கொன்றது. பாறைமேற் படரும் அல்காக்களை மேய்ந்து முருகைக்கு இடம் ஒதுக்கித் தந்தவை அவையே. மேய்வன மறைந்ததும் அல்கா மூடியது. முருகையின் இளம் உயிர்கள் ஒட்டிக்கொள்ள இடமற்றுப்போயின. 2022 இல் எஞ்சியவற்றையும் மீண்டும் ஒரு கொள்ளைநோய் தாக்கியது. 2014 இல் புளோரிடாவிற் கண்டறியப்பட்ட, கல்முருகைகளின் இழையத்தை உரித்தெடுக்கும் நோய் 2023 இல் பொனயரை அடைந்தது. அந்நோயைச் சுமந்து பரப்பிவிடலாகாதென்று, சுழியோடிகள் தம் கருவிகளைக் கிருமிநீக்கம் செய்யும்படி வேண்டப்பட்டனர். 2023 ஆம் ஆண்டின் வெப்பமும் அதனுடன் சேர்ந்துகொண்டது. கோடையின் வழமையான உச்சத்துக்கு மேல் ஒரு பாகை வெப்பம் சில வாரங்கள் நீடிப்பினும், முருகை தன்னுள் வாழும் அல்காக்களை வெளியேற்றிவிடுகின்றது. ஊட்டுவோரை இழந்து வெளிறிய அது, வெப்பம் விரைவில் தணியாவிடின் பட்டினியால் மடிகின்றது.

வெப்பத்தின் மூலம் எரிபொருளின் புகை என்பது இன்று ஐயத்துக்குரியதன்று. இந்நிலையில் தொடாமற் கண்டவனின் கணக்கு மாறுபடுகின்றது. ஒரு முருகையையும் தீண்டாது, ஒரு மணலையும் கிளறாது, மூச்சினாலேயே தன்னை நிறுத்திக் கண்டு மகிழ்ந்த அச்சுழியோடி, ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் தூரம் விமானத்திற் பறந்து வந்தவன். அவன் துடுப்பு செய்யாததை அவன் பயணம் செய்துவிட்டது. தன் பங்கு மிகமிகச் சிறிது என அவன் கூறலாம்; அது உண்மையுமாகும். ஆயின் பங்கு சிறிது என்பதனால் அது இல்லை என்றாகிவிடாது. ஊர்ப் பொதுக் கிணற்றில் ஒவ்வொருவரும் ஒரு துளி உப்பு நீர் ஊற்றினால் கிணறு உவர்க்கும். தான் ஊற்றியது ஒரு துளியே என்று ஒவ்வொருவரும் உண்மையே பேசுவர். அத்தீவுக்கு ஒருபோதும் செல்லாதவரும் இக்கணக்கினின்றும் தப்பிவிடுவதில்லை. காணாதிருத்தலும் குற்றமின்மைக்குச் சான்றாகாது. காண வந்தவனுக்கும் வராதவனுக்கும் உள்ள வேறுபாடு ஒன்றே: வந்தவன் அழிவைக் கண்ணாற் கண்டான், தான் அறியேன் என்று கூறும் வாய்ப்பை இழந்தான்.

ஆனால் அவன் உண்மையில் அழிவைக் கண்டானா என்பதும் ஐயத்துக்குரியதே. மீனியல் அறிஞர் டானியல் பௌலி 1995 ஆம் ஆண்டில் ஒரு கருத்தினை முன்வைத்தார். ஒவ்வொரு தலைமுறையும் தான் முதலிற் கண்ட கடலையே இயல்பான கடலாகக் கொள்கின்றது. முன்னர் இருந்து மறைந்ததை இழப்பாக எண்ணுவதில்லை. எனவே அளவுகோலே தலைமுறைதோறும் இறங்கிச் செல்கின்றது என்பது அதன் சாரம். இன்று முதன்முறையாக ஆழங்குறைந்த கரிபியன் நீரில் இறங்கும் இளைஞன், கிளிமீன்களையும் கடல் விசிறிகளையும் கண்டு வியக்கின்றான். அரை நூற்றாண்டுக்கு முன் அவ்வாழத்தில் கொம்புமுருகைகள் அடர்ந்து காடெனப் பரந்திருந்ததை அவன் அறியான். அவனுடைய வியப்பு பொய்யன்று. ஆனால் அறியாமையின் மேற் கட்டப்பட்ட வியப்பு அது. இருப்பதை மட்டும் காணும் கண் பாதிக் கண்ணே. இருந்து மறைந்ததையும் அறிந்து நோக்குங்கால்தான் காட்சி முழுமை பெறுகின்றது.

இவ்வுண்மையை அத்தீவின் நிலமே எடுத்துரைக்கின்றது. பொனயரின் தென்கரையில், உப்பளங்களை அடுத்துச் சிறு கற்குடில்கள் வரிசையாக நிற்கின்றன. நிமிர்ந்து நுழையமுடியாத தாழ்ந்த வாசல்களையுடைய அக்குடில்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உப்பு வாரிய அடிமைகள் துயில்வதற்கெனக் கட்டப்பட்டவை. 1863 இல் ஒல்லாந்தரின் கரிபியன் குடியேற்றங்களில் அடிமை முறை ஒழிக்கப்படும்வரை, கொதிக்கும் வெயிலிலும் கண்ணைக் கூசச்செய்யும் வெண்மையிலும் அவர்கள் உழைத்தனர். அக்குடில்களுக்கு எதிரேயுள்ள பாறைகளிலும் இன்று சுழியோடிகள் இறங்குகின்றனர். அவ்விடங்கள் அவர்களது வரைபடங்களில் அடிமைகளின் பெயராலேயே குறிக்கப்பட்டுள்ளன. இறங்குமிடத்தின் பெயரை நாவினாற் சொல்லி, அதன் பொருளை மனத்தினால் தீண்டாது நீருள் இறங்குபவர் உண்டு. கரையிலுள்ள மனித வரலாற்றைக் காணாத கண், நீருக்கடியிலுள்ள வரலாற்றை மட்டும் கண்டுவிடும் என எதிர்பார்த்தல் இயலாது. பார்த்தல் எளிது, காணுதல் அரிது.

எனவே, தொடாதே என்னும் ஒற்றை விதியினால் இவ்வறம் முற்றுப்பெறுவதில்லை. தொடுதலே கடமையாகும் நேரங்களும் உள. இந்து, பசிபிக் சமுத்திரங்களுக்குரிய சிங்கமீன் மனிதரால் அத்திலாந்திக் கடலிற் புகுத்தப்பட்டுப் பெருகி, 2009 இல் பொனயரை அடைந்தது. பாறையின் சிறுமீன்களை அது வரையின்றி உண்பதனால், ஈட்டியைத் தடைசெய்த அதே தீவு, பயிற்சி பெற்ற சுழியோடிகளின் கையில் ஈட்டிபோன்ற கருவியைக் கொடுக்க நேர்ந்தது. 2012 முதல் அங்கு கொம்புமுருகைகளின் துண்டுகளை நீருக்கடியில் மரம்போன்ற சட்டங்களில் தொங்கவிட்டு வளர்த்து, மீண்டும் பாறையில் நடும் பணியும் நடைபெற்று வருகின்றது. அதிலும் சுழியோடிகளின் கைகளே உழைக்கின்றன. கடல் வெப்பமுறும் காலத்தில் இம்முயற்சி எவ்வளவு காலம் தாக்குப்பிடிக்கும் என்னும் கேள்வி உண்டு. எனினும் காண்பவன் காண்பவனாகவே நின்றுவிடாது, கண்டதன் பொருட்டு ஒன்றைச் செய்யத் தொடங்குவதன் அடையாளம் அது.

தமிழ்மொழி இவ்வேறுபாட்டைத் தன் சொல்லொன்றிலேயே பொதிந்து வைத்துள்ளது. கண்ணோட்டம் என்னும் சொல்லை இக்காலத்தார் நோக்கும் கோணம் என்ற பொருளிலேயே பெரிதும் வழங்குகின்றனர். வள்ளுவர் அதனைத் தலைப்பாகக் கொண்டு ஓர் அதிகாரம் வகுத்தபோது அது இரக்கத்தைக் குறித்தது. கண் ஒன்றன்மேற் சென்று படிந்தால் அதன் துயர் கண்டவனையும் பற்ற வேண்டும். பற்றாவிடின் அங்கு கண் இருந்தும் பயனில்லை என்பதே அப்பொருளின் அடிப்படை. விருப்பற்ற காட்சியை அழகின் இலக்கணமாகக் கொண்ட கான்றின் கொள்கைக்கும், காட்சியினின்றே கடமை பிறக்கின்றது என்னும் இக்கொள்கைக்கும் இடையே உள்ள தூரம் பெரிது. முன்னையது காண்பவனை விடுதலை செய்கின்றது. பின்னையது அவனைப் பிணைக்கின்றது.

காண்பவன் குற்றமற்றவனா என்னும் வினாவுக்கு விடை, அல்லன் என்பதே. ஆயின் அதற்காகக் கண்ணை மூடிக்கொள்ளுதல் தீர்வாகாது. மூடிய கண்ணும் கணக்கினுள் அடங்கும். குற்றமின்மையைத் தேடி அலைவதை விடுத்து, கடன்பட்டவனாகத் தன்னை உணர்தலே காண்பவனுக்கு உகந்த நிலை. துடுப்பை அடக்குதல் அக்கடனின் முதல் தவணை. அருகில் நீந்துபவனின் தோளில் மெல்லத் தொட்டுத் திருத்துதல் அடுத்தது. மறைந்ததை அறிந்து பிறருக்குச் சொல்லுதலும், கடலைச் சுடச்செய்யும் வாழ்க்கை முறையைத் தன் வீட்டிலும் நாட்டிலும் கேள்விக்குள்ளாக்குதலும் நீண்டகாலத் தவணைகள். நீரினுள் அவனுக்குப் பாரமில்லை. கரையேறியதும் உடலின் பாரம் மீள்கின்றது. தோளில் வளிக்கலத்தின் சுமை அழுத்துகின்றது. கண்டதன் பாரமும் அதனோடு சேர்ந்து ஏறுமாயின், அவன் உண்மையிலேயே கண்டவனாவான்.